கூட்டுறவுக் கடன் செல்லும் வழி

உழவுத் தொழிலுக்குக் கடன் வசதி எத்துணை இன்றியமையாதது என்பதை விவசாயப் பெருமக்களுக்கு நாம் எடுத்துக் கூற வேண்டியதில்லை. நாற்றங்கால் விடும் நாளில் கையில் பணம் இருப்பதில்லை. பணம் வருவது களத்துமேட்டில் நெல் குவிந்த பின்னரே. இடைப்பட்ட மாதங்களில் விதைக்கும் உரத்திற்கும் கூலிக்கும் வேண்டிய தொகையை யார் கொடுக்கிறார், என்ன வட்டிக்குக் கொடுக்கிறார் என்பதைப் பொறுத்தே விளைச்சலின் பயன் உழவனுக்குச் சேருமா, மற்றவருக்குச் சேருமா என்பது முடிவாகிறது.

அண்மையில் நமது வட்டாரத்தில் ஓர் ஊராட்சியில் நடந்த கூட்டத்தில், வயது முதிர்ந்த விவசாயி ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, பயிர்க் கடன் வேண்டும் என்று சங்கத்துக்குப் போனால் இன்று வா, நாளை வா என்கிறார்கள். வீட்டுக்காரியின் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு போனால் அரை மணி நேரத்தில் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். சங்கம் இருப்பது உழவுக்கா, நகைக்கா?" என்றார். கூட்டத்தில் பலர் சிரித்தனர். ஆனால் கேள்வி சிரிக்கத்தக்கதன்று. அன்று நாம் சொன்ன விடை அரைகுறையானது. முழு விடையையும் இக்கட்டுரையில் கூற முயல்வோம்.

சங்கம் தோன்றிய நோக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கடனால் நலிந்த குடியானவர்களைக் காக்கும் வழி யாது என்று ஆராய, சென்னை மாகாண அரசு பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பிய நாடுகளுக்கு அனுப்பிற்று. 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் அவருடைய அறிக்கைகள் வெளிவந்தன. ஜெர்மனியில் ரைபைசன் என்பவர் அமைத்த கிராமச் சங்கங்களைப் போன்றவையே நமக்குத் தேவை என்று அவர் முடிவு கண்டார். ஓர் ஊரார் ஒருவரையொருவர் நன்கு அறிவர். யார் உழைப்பாளி, யார் சொன்ன சொல் தவறாதவர் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவையே ஈடாகக் கொண்டு கடன் கொடுக்கலாம் என்பது அம்முறையின் அடிப்படை.

1904-ஆம் ஆண்டு கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள திரூரில் சங்கம் பதிவாயிற்று. அந்நாளில் இச்சங்கங்களை 'ஐக்கிய நாணயச் சங்கம்' என்றே மக்கள் அழைத்தனர். நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் இரு பொருள்கள் உண்டு. இரண்டும் ஓரிடத்தில் சேர வேண்டும் என்பதே சங்கத்தின் நோக்கமாக இருந்தது.

எனினும் வளர்ச்சி மெதுவாகவே இருந்தது. 1951-52-இல் ரிசர்வ் பாங்கு நடத்திய அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வில், விவசாயி வாங்கிய கடன் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் கூட்டுறவின் பங்கு ஏறத்தாழ 3 ரூபாய்தான் என்றும், லேவாதேவிக்காரர் பங்கு ஏறத்தாழ 70 ரூபாய் என்றும் தெரிய வந்தது. அதன் பின்னர் அரசு பங்குத் தொகை அளித்துச் சங்கங்களை வலுப்படுத்தியது. 1982-இல் நபார்டு எனப்படும் தேசிய வேளாண்மை, ஊரக வளர்ச்சிப் பாங்கும் ஏற்பட்டது.

பணம் வந்து சேரும் வழி

கேள்விக்கு விடை காண, சங்கத்தின் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். கூட்டுறவுக் கடன் மூன்று அடுக்குகளைக் கொண்டது. அடியில் நமது ஊரிலுள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். தமிழ்நாட்டில் இவ்வகைச் சங்கங்கள் 4,000-க்கு மேல் உள்ளன. அதற்கு மேல் மாவட்ட மத்தியக் கூட்டுறவுப் பாங்கு. உச்சியில், 1905-இல் சென்னை மத்திய நகரப் பாங்கு என்று தோன்றி வளர்ந்த மாநிலத் தலைமைக் கூட்டுறவுப் பாங்கு. நபார்டு தலைமைப் பாங்குக்கு மறுநிதி கொடுக்கிறது. தலைமைப் பாங்கு மத்தியப் பாங்குக்கும், மத்தியப் பாங்கு சங்கத்துக்கும், சங்கம் உறுப்பினருக்கும் கொடுக்கின்றன. ஏரியிலிருந்து மதகு, வாய்க்கால், மடை என நீர் வயலுக்கு வருவது போன்ற ஏற்பாடு இது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. வயலுக்கு வந்த நீர் ஏரிக்குத் திரும்ப வேண்டியதில்லை. கடனோ அறுவடைக்குப் பின் அதே வழியில் திரும்பிச் சென்றால்தான் அடுத்த பருவத்துக்கு மீண்டும் வரும்.

1991-க்குப் பின் வந்த மாறுதல்கள்

1991-ஆம் ஆண்டு நாட்டின் அந்நியச் செலாவணி நிலை நெருக்கடிக்கு உள்ளாயிற்று. அவ்வாண்டில் நிதித்துறையைச் சீர்திருத்த நரசிம்மம் தலைமையில் ஒரு கமிட்டி அமைக்கப்பட்டது. பாங்குகள் கணக்கில் லாபம் காட்டிக்கொண்டே உள்ளுக்குள் நலிந்து வருகின்றன என்றும், திரும்பி வாராத கடனை வந்துவிடும் என்று எழுதி வைத்து அதற்கு வட்டியையும் வருமானமாகக் காட்டும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கமிட்டி கூறிற்று.

இச்சீர்திருத்தங்கள் முதலில் வணிகப் பாங்குகளுக்கே வந்தன. பின்னர்க் கூட்டுறவுக்கும் வந்து சேர்ந்தன. 1994-இல் கூட்டுறவுப் பாங்குகள் தம் வட்டி விகிதத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமை பெற்றன. 1996-97-ஆம் ஆண்டு முதல் மாநில, மத்தியக் கூட்டுறவுப் பாங்குகளுக்கு வாராக் கடன் பற்றிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. போதிய மூலதனம் இல்லாத கூட்டுறவுப் பாங்குகள் உரிமமின்றித் தொழில் நடத்துவதை 2012 மார்ச்சுக்குப் பின் அனுமதிப்பதில்லை என்ற முடிவும் எடுக்கப்பட்டது.

விதிகள் கடுமையானவை என்று சிலர் குறை கூறுவர். ஆனால் பாங்கில் இருப்பது யாருடைய பணம்? ஊரில் ஓய்வூதியம் பெறும் ஆசிரியரும், பால் விற்றுச் சேர்த்த தாயாரும் போட்ட வைப்புத் தொகை அது. அப்பணம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கே இவ்விதிகள் ஏற்பட்டன.

வாராக் கடன் என்றால் என்ன?

பொதுவாக, தவணை நாள் கடந்து 90 நாட்களுக்கு மேலும் வசூலாகாத கடன் வாராக் கடன் எனக் கொள்ளப்படும். பயிர்க் கடனுக்கு மட்டும் விதி சற்று இளக்கமானது. குறுகிய காலப் பயிராயின் தவணைக்குப் பின் இரண்டு பருவங்களும், நெடுங்காலப் பயிராயின் ஒரு பருவமும் பொறுத்துப் பார்ப்பர்.

இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்குவோம். ஒரு சங்கத்தில் 200 உறுப்பினர்கள் ஆளுக்கு 50,000 ரூபாய் பயிர்க் கடன் பெறுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1 கோடி ரூபாய். இத்தொகை முழுவதையும் சங்கம் மத்தியப் பாங்கிலிருந்து நூற்றுக்கு 5 வட்டியில் பெற்றுள்ளது. சங்கத்துக்குக் கிடைக்கும் வித்தியாசம் நூற்றுக்கு 2 என்க. எல்லோரும் கட்டினால் ஆண்டுக்கு 2 லட்ச ரூபாய் கிடைக்கும். செயலாளர் சம்பளம் முதல் கணக்குப் புத்தகம் வரை யாவும் இதிலிருந்தே வர வேண்டும்.

இப்போது 20 பேர் கட்டவில்லை. நின்றுபோன அசல் 10 லட்சம். கட்டிய 180 பேரிடமிருந்து சங்கத்துக்குக் கிடைத்த வித்தியாசம் 1 லட்சத்து 80 ஆயிரம். ஆனால் நின்றுபோன 10 லட்சத்துக்கும் மத்தியப் பாங்குக்கு வட்டி கட்டியாக வேண்டும், அது 50,000. மிஞ்சுவது 1 லட்சத்து 30 ஆயிரமே. வசூலாகாத அசல் மத்தியப் பாங்குக்குத் திரும்பாத காரணத்தால், அப்பாங்கும் அதனை வாராக் கடனாகக் கொண்டு, முதலில் நூற்றுக்கு 10 வீதம் 1 லட்ச ரூபாயைத் தன் லாபத்திலிருந்து ஒதுக்கி வைக்க வேண்டும். ஆண்டுகள் செல்லச் செல்ல இவ்வொதுக்கீடு ஏறி, முடிவில் முழுத் தொகையையும் எட்டும். ஆகவே மறு ஆண்டு மத்தியப் பாங்கு அச்சங்கத்தின் கடன் வரம்பைக் குறைக்கிறது. 20 பேர் கட்டாத குறைக்கு, ஒழுங்காகக் கட்டிய 180 பேரும் 'இன்று வா, நாளை வா' என்ற சொல்லைக் கேட்க நேர்கிறது.

கடன் முறை மாறிய விதம்

இனி, சீர்திருத்தங்களுக்குப் பின் கூட்டுறவுக் கடனின் போக்கு எவ்வாறு மாறிற்று என்பதைக் காண்போம். நான்கு மாறுதல்கள் குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, விவசாயக் கடனில் கூட்டுறவின் பங்கு குறைந்தது. 1990-களின் தொடக்கத்தில் நாட்டில் நிறுவனங்கள் வழங்கிய விவசாயக் கடனில் பாதிக்கு மேல் கூட்டுறவு வழியாகச் சென்றது. இந்நாளில் அப்பங்கு அதனினும் மிகக் குறைவே. கூட்டுறவு கொடுத்த தொகை குறைந்துவிட்டது என்பது இதன் பொருளன்று. 2004-இல் விவசாயக் கடனை மூன்றாண்டுகளில் இரு மடங்காக்க மத்திய அரசு திட்டமிட்டபோது, வணிகப் பாங்குகள் வேகமாக முன்னேறின; கூட்டுறவு அவ்வேகத்தில் செல்ல இயலவில்லை.

இரண்டாவது, நெடுங்காலக் கடன் மெலிந்தது. கிணறு வெட்டவும், பம்பு செட்டு அமைக்கவும், நிலத்தைச் சமன் செய்யவும் கடன் வழங்கிய நிலவளப் பாங்குகள் நமது மாநிலத்தில் பழம் பெருமை உடையவை. மத்திய நில அடைமானப் பாங்கு 1929-இலேயே சென்னையில் தோன்றியது. ஆனால் பத்தாண்டுகளுக்குக் கொடுத்த பணம் திரும்புமா என்ற ஐயம் மிகுந்த காலத்தில், ஆறு மாதத்தில் திரும்பும் பயிர்க் கடனையே பாங்குகள் விரும்பின. 1998-இல் வந்த உழவர் கடன் அட்டையும் பயிர்க் கடனை எளிதாக்கிற்று. பருவச் செலவுக்குப் பணம் கிடைத்தது. நிலத்தின் பலத்தைப் பெருக்கும் முதலீடு பின்தங்கியது.

மூன்றாவது, நகைக் கடன் பெருகியது. பெரியவரின் கேள்விக்கு நேரான விடை இதுவே. நகை கையிலேயே இருப்பதால் பணம் மூழ்கும் என்ற அச்சம் இல்லை. அடங்கல், சிட்டா, கள ஆய்வு ஒன்றும் வேண்டியதில்லை. மதிப்பீட்டாளர் உரைத்துப் பார்த்தால் போதும். பயிர்க் கடனுக்கு வட்டி அரசு வகுத்த அளவினது. நகைக் கடனுக்கு வட்டி அதனினும் மிகுதி. ஆகவே பயிர்க் கடனால் குறைவுபட்ட வருமானத்தை நகைக் கடன் வட்டியால் சங்கங்கள் ஈடுசெய்து கொள்கின்றன. விதிகளைக் கடைப்பிடித்து லாபத்திலும் இருக்க வேண்டிய ஒரு நிறுவனம், பத்திரமான வழியை நாடுவதில் வியப்பில்லை.

நான்காவது, நிலமும் நகையும் இல்லாதவர் மேலும் ஒதுக்கப்பட்டனர். வாய்மொழிக் குத்தகைக்கு உழுபவருக்குத் தம் பெயரில் ஆவணம் இல்லை. பயிர் அவருடையது, பட்டா வேறொருவருடையது. சங்கத்தில் கடன் கிட்டாமையால் அவர் மீண்டும் லேவாதேவிக்காரரின் திண்ணைக்கே செல்கிறார். 1904-இல் யாருக்காகச் சங்கம் தோன்றியதோ, அவரே இன்று சங்கத்துக்கு வெளியே நிற்கிறார். இதுவே நம்மைக் கவலைக்கு உள்ளாக்க வேண்டிய செய்தி.

தள்ளுபடியும் அதன் பின்விளைவும்

வறட்சியும் வெள்ளமும் வந்து விளைச்சல் கெட்டபோது அரசு கடனைத் தள்ளுபடி செய்து விவசாயியைக் காத்தது உண்டு. தமிழ்நாட்டில் 2006-இலும் 2016-இலும் கூட்டுறவுப் பயிர்க் கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் 16 லட்சத்து 43 ஆயிரம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி என்று அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே 5 பவுன் வரையிலான நகைக் கடனுக்கும் அறிவிப்பு வந்தது. 2008-இல் மத்திய அரசும் நாடு முழுவதற்கும் ஒரு திட்டத்தை நிறைவேற்றிற்று.

இதனால் துயர் தீர்ந்த குடும்பங்கள் பல. அதனை மறுப்பதற்கில்லை. எனினும் இரண்டு உண்மைகளை மனத்திற்கொள்ள வேண்டும். தள்ளுபடித் தொகையை அரசு பின்னர் ஈடு செய்கிறது. அது வந்து சேரும் வரையில் சங்கத்தின் கை கட்டப்பட்டிருக்கும். மேலும், தாலியை அடகு வைத்தேனும் தவணை நாளில் கட்டியவர் எதையும் பெறுவதில்லை. கட்டாமல் இருந்தவர் பெறுகிறார். மறு முறை கட்டலாமா, பொறுத்திருக்கலாமா என்ற எண்ணம் நேர்மையானவர் உள்ளத்திலும் எழுந்துவிடுகிறது.

இந்த நலிவுகளை ஆராய்வதற்காகவே 2004-இல் பேராசிரியர் வைத்தியநாதன் தலைமையில் ஒரு கமிட்டி அமைக்கப்பட்டது. பழைய நஷ்டத்தை அரசு ஈடு செய்ய வேண்டும். ஆனால் அதற்கு மாற்றாகச் சங்கங்கள் கணக்கைச் செம்மைப்படுத்தி, தம் உறுப்பினர்களாலேயே ஆளப்பட வேண்டும் என்பது அதன் பரிந்துரையின் சாரம். 2006-இல் இதனை ஒட்டிய புத்துயிர்த் திட்டம் தொடங்கிற்று. 2022-இல் சங்கங்களின் கணக்குகளைக் கணினியில் ஏற்றும் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது.

விவசாயி செய்யத்தக்கவை

முதற்கண், தவணை நாளை மறவாதிருத்தல் வேண்டும். மத்திய அரசின் வட்டி மானியமும் மாநில அரசின் மானியமும் சேர்வதால், தமிழ்நாட்டில் தவணை தவறாமல் கட்டும் உறுப்பினருக்குக் கூட்டுறவுப் பயிர்க் கடனில் வட்டி கிடையாது. இதன் மதிப்பை ஒரு கணக்கால் காணலாம். 60,000 ரூபாயை 'மூன்று வட்டி'க்கு வெளியில் வாங்கினால் ஆறு மாதத்தில் வட்டி மட்டும் 10,800 ரூபாய். சங்கத்தில் வாங்கி உரிய நாளில் கட்டினால் வட்டி ஒன்றுமில்லை. ஒரு நாள் தவறினாலும் இச்சலுகை போய்விடும்.

இரண்டாவது, உழவுச் செலவுக்கு நகையை அடகு வைக்குமுன், பயிர்க் கடன் பெறத் தகுதி உண்டா என்று கேட்டறிய வேண்டும். பொது நகைக் கடனாக வாங்கிய பணத்தை வயலிலேயே செலவிட்டாலும், அதற்குப் பயிர்க் கடனுக்குரிய வட்டிச் சலுகை இல்லை. அவசரத்தில் எளிதாகக் கிடைப்பது, திருப்பும் நாளில் கடினமாக இருக்கும். விவசாயக் கடனில் 2 லட்ச ரூபாய் வரை பிணையமின்றிப் பாங்குகள் வழங்கலாம் என 2025 ஜனவரி முதல் ரிசர்வ் பாங்கு வரம்பை உயர்த்தியிருப்பதையும் அறிந்திருத்தல் நலம்.

மூன்றாவது, மனுவைப் பருவம் தொடங்குவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். நாற்று பறிக்கும் நாளில் மனுவோடு செல்பவருக்கு, நடவு முடிந்த பின்னரே பணம் கிடைக்கும்.

நான்காவது, சேமிப்பை வைக்கும் இடத்தைத் தெரிந்து வைக்க வேண்டும். மத்தியக் கூட்டுறவுப் பாங்கில் உள்ள வைப்புத் தொகைக்கு ஒருவருக்கு 5 லட்ச ரூபாய் வரை காப்புறுதி உண்டு; தொடக்கச் சங்கத்து வைப்புக்கு அக்காப்புறுதி இல்லை. ஆகவே சங்கத்தில் பணம் போட்டவர் அதன் தணிக்கை அறிக்கையைப் பார்க்க வேண்டியது பேரவசியம். பேரவைக் கூட்டத்துக்குச் சென்று, நிலுவை எவ்வளவு, வாராக் கடன் எவ்வளவு, நகைக் கடன் எவ்வளவு, பயிர்க் கடன் எவ்வளவு என்ற நான்கு கேள்விகளைக் கேட்டாலே சங்கத்தின் உடல்நிலை தெரிந்துவிடும்.

ஊராட்சி உறுப்பினர் செய்யத்தக்கவை

ஊராட்சிக்குச் சங்கத்தின் மேல் அதிகாரம் இல்லை. ஆனால் ஊரை அறிந்தவர்கள் என்ற முறையில் உறுப்பினர்களுக்குப் பெரும் கடமை உண்டு. தம் வார்டில் குத்தகைக்கு உழுபவர் யார் யார் என்பதை அவர்கள் அறிவர். அவர்களுக்குச் சாகுபடிச் சான்று கிடைக்க கிராம நிர்வாக அலுவலரிடம் எடுத்துக் கூறலாம். நான்கு முதல் பத்துப் பேர் வரை சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழு அமைத்தால், ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கடன் பெற வழி உண்டு என்பதை அவர்களுக்கு விளக்கலாம். கிராம சபைக் கூட்டத்தில் பயிர்க் கடன் மனு கொடுக்கும் காலத்தையும் வேண்டிய ஆவணங்களையும் படித்துக் காட்டச் செய்யலாம். வசதி இருந்தும் கட்டாதவர் யார், விளைச்சல் கெட்டுக் கட்ட இயலாதவர் யார் என்ற வேறுபாட்டை ஊர் நன்கு அறியும். முன்னவருக்கு அறிவுரை கூறுவதும், பின்னவருக்குத் தவணையை நீட்டித்து மாற்றியமைக்க உரிய காலத்தில் மனு கொடுக்கச் செய்வதும் ஊர்ப் பெரியவர்களால் இயலக்கூடியவை.

பெரியவருக்கு நமது விடை இதுதான். சங்கம் உழவுக்காகவே தோன்றியது. பணம் திரும்பும் என்ற நம்பிக்கை குறையக் குறைய, அது நகையைத் துணையாகக் கொண்டது. சீர்திருத்தங்கள் கணக்கை ஒழுங்குபடுத்தின. ஊராரின் நம்பிக்கையை அவற்றால் உண்டாக்கித் தர இயலாது. அதனை ஊரார்தாம் உண்டாக்க வேண்டும். உரிய நாளில் கட்டும் ஒவ்வொரு உறுப்பினரும் தமக்கு மட்டுமன்றி, பக்கத்து வயல்காரருக்கும் அடுத்த பருவத்துக் கடனைப் பெற்றுத் தருகிறார்.

அப்பெரியவர் தம் பயிர்க் கடன் மனுவை இம்முறை ஆடி மாதத்திலேயே கொடுத்துவிட்டார். சங்கிலி வீட்டிலேயே இருக்கிறது. அது அங்கேயே இருக்குமாறு பார்த்துக்கொள்வது சங்கத்தின் கடமை. சங்கத்துக்கு அந்த வலிமையைக் கொடுப்பது நம் எல்லோருடைய கடமை.